மாவுக்கட்டோடு வீடு திரும்பிய பிள்ளை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எலும்பு முறிவுப் பிரிவின் வாசலில் சிறுவர் கூட்டம் சேர்ந்துவிடும். மாமரம், மொட்டை மாடிச் சுவர், சைக்கிள், பூங்காவின் சறுக்குமரம் என்று விழுவதற்கு இடமா இல்லை? விழும்போது பிள்ளைகள் கையை ஊன்றுகிறார்கள். அதனால் பெரும்பாலும் உடைவது மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்பு. ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளை என்றால் முழங்கைக்குச் சற்று மேலே உடைவதும் அதிகம். எலும்பை நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டு, ‘ஒரு வாரம் கழிச்சு வாங்க’ என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரமோ ஆறு வாரமோ, கட்டுக்குக் காவல் வீட்டில் இருப்பவர்கள்தான்.

பிள்ளைகளின் எலும்பு சேருவதில் பெரிய சிக்கல் இல்லை. பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சேரும். சிறு கோணல் இருந்தால்கூட வளர வளரத் தானே நிமிரும். கவலைப்பட வேண்டியது எலும்பைச் சுற்றியிருக்கும் தசை, நரம்பு, ரத்தக் குழாய் பற்றி. அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதை விரல் நுனி காட்டிக்கொடுக்கும். வீட்டில் எல்லோரும் கட்டையே பார்த்துக்கொண்டிருக்க, விரலைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. கீழே எழுதியிருப்பவை பொதுவானவை. உங்கள் பிள்ளைக்கு மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

என்ன கட்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஸ்லாப்’ என்றால் ஒரு பக்கம் மட்டும் மாவுப் பட்டை, அதன் மேல் துணிச் சுருள். வீங்கினால் கொஞ்சம் இடம் கொடுக்கும். அதனால்தான் முதலில் ஸ்லாப் போட்டு, வீக்கம் வடிந்த பிறகு முழுக் கட்டுக்கு மாற்றுகிறார்கள். முழுக் கட்டு எல்லாப் பக்கமும் மூடியது, இடம் கொடுக்காது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். முழங்கை முறிவில் மெல்லிய கம்பிகளைச் செருகி, நுனியைத் தோலுக்கு வெளியே விட்டு, மேலே ஸ்லாப் போடுவது வழக்கம். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் ஓ.பி.யிலேயே உருவிவிடுவார்கள். இது தெரியாமல், கட்டு மாற்றும்போது கம்பி நுனியைப் பார்த்து மயங்கி விழுந்த அப்பாக்கள் உண்டு.

இரவு இரண்டு மணிக்குப் பிரச்சினை என்றால் எங்கே வருவது, யாரைக் கேட்பது என்று சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். ஸ்லாபாக இருந்தால், ‘அவசரத்தில் மேல் துணியை நாங்களே தளர்த்தலாமா?’ என்றும் அப்போதே கேட்டு வையுங்கள். மருத்துவமனை தொலைவில் இருக்கும் கிராமத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம்.

அடிபட்ட கையில் மோதிரம், வளையல், காப்பு, கோயில் கயிறு, திருஷ்டிக் கருப்புக் கயிறு எதையும் விட்டு வைக்காதீர்கள். வீங்கிய விரலில் மோதிரம் இறுகினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கயிற்றைக் கழற்ற மனம் வராத பாட்டிகளிடம், மறு கையில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள். நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள். அடுத்த மூன்று நாளும் அந்த நகத்தின் நிறத்தைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

முதல் மூன்று நாள்

அடிபட்ட இடம் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். கட்டு விரியாது. உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் நரம்பும் தசையும் பட்டினி கிடக்கும். சுமார் ஆறு மணி நேரம் அப்படியே கிடந்தால் தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப வராது. சுருங்கி, விரல்களை உள்ளே மடக்கி, கையைக் கொக்கிபோல் ஆக்கிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மான் 1881இல் இதை விவரித்து எழுதினார். இறுக்கமான கட்டுதான் காரணம் என்று அப்போதே சுட்டிக்காட்டியவரும் அவரே. இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அந்த ஊனத்துக்கு அவர் பெயர்தான். நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் இந்த ஊனத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான் வருத்தம். பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய ஊனம் இது.

செய்ய வேண்டியவை:

– கையை உயர்த்தி வையுங்கள். படுத்திருக்கும்போது இரண்டு தலையணை போட்டு, விரல்கள் முழங்கையைவிட உயரமாகவும், கை நெஞ்சைவிட உயரமாகவும் இருக்கட்டும். நடக்கும்போது கழுத்தில் மாட்டும் பட்டையில் கை தொங்கிக்கொண்டு இருக்கக்கூடாது. மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று மேலே இருக்கும்படி முடிச்சை ஏற்றுங்கள். பாதிப் பேர் பட்டையை இறக்கிக் கட்டிவிட்டு, விரல் வீங்குகிறதே என்று கவலைப்படுகிறார்கள்.

– விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு மணிக்கொரு முறை விரலைப் பாருங்கள். இரவிலும் இரண்டு முறை எழுந்து பாருங்கள். நகத்தை அழுத்தி விடுங்கள்: வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். மறு கை விரலோடு ஒப்பிட்டு, சூடு ஒன்றுபோல இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொட்டேன் என்று கேளுங்கள்.

– விரலை அசைக்கச் சொல்லுங்கள். அதை விளையாட்டாக்கிவிட்டால் எளிது. கட்டை விரலைத் தூக்கி ‘சூப்பர்’ காட்டச் சொல்லுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு ஐந்து விரலையும் விசிறிபோல விரிக்கச் சொல்லுங்கள். கைக்குப் போகும் மூன்று முக்கிய நரம்புகளுக்கும் ஒவ்வொன்றாக வைக்கும் பரீட்சை இது. காலையில் வட்டம் போட்ட பிள்ளைக்கு மாலையில் வட்டம் வரவில்லை என்றால் உடனே கவனிக்க வேண்டும். விரல் அசைவது வீக்கம் வடியவும் உதவும்.

– பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, கட்டின் மேல் கால் மணி நேரம் வைக்கலாம். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

செய்யக்கூடாதவை:

– ‘முதல் நாள் வலிக்கத்தான் செய்யும்’ என்று சொல்லிக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். எலும்பு முறிந்த வலி கட்டுப் போட்டதும் குறைய வேண்டும். மணிக்கு மணி ஏறக்கூடாது. கையைத் தூக்கி வைத்தும், மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும், பிள்ளை அமைதியாகாமல் துடித்தால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய வலி.

– விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், இன்னொரு வேளை மருந்து கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். எல்லா அறிகுறியிலும் முந்தி வருவது இதுதான். விரல் வெளுப்பது, நீலமாவது, சில்லிடுவது, மரத்துப்போவது எல்லாம் பின்னால் வருபவை. நிறம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

– பேசத் தெரியாத சிறு குழந்தை என்றால் ஓயாத அழுகை, எரிச்சல், மருந்து அடிக்கடி தேவைப்படுவது, இந்த மூன்றையும் வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். போகும் வழியில் கையை நெஞ்சு மட்டத்திலேயே வையுங்கள், அதற்கு மேல் உயர்த்த வேண்டாம். அழுத்தம் ஏறிய கையை மிகவும் தூக்கினால் அதற்குள் போகும் ரத்தம் இன்னும் குறையும். சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம், அறுவை தேவைப்படலாம். மருத்துவமனையில், ‘கட்டு இறுகியிருக்கிறது, வலி ஏறிக்கொண்டே போகிறது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வரிசையில் உட்காரச் சொன்னால் மறுபடியும் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சண்டைக்காரர் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை.

வலி மருந்து

பாரசிட்டமால் சிரப் இரண்டு அளவில் கிடைக்கிறது. 5 மில்லியில் ஏறத்தாழ 125 மில்லிகிராம் இருப்பது ஒன்று, 250 மில்லிகிராம் இருப்பது இன்னொன்று. இரண்டு புட்டியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ‘போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்’ என்ற கணக்கு இங்கேதான் உதைக்கும். பிள்ளையின் எடைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 16 கிலோ பிள்ளை என்றால் உச்சமாக 240 மில்லிகிராம். அது ஒரு புட்டியில் ஏறக்குறைய 10 மில்லி, இன்னொன்றில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். அளவு மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்; சமையல் ஸ்பூன் வேண்டாம். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அம்மா கொடுத்ததை அறியாமல் அத்தை இன்னொரு முறை கொடுப்பது கூட்டுக் குடும்பத்தில் சாதாரணம்.

ஐபுபுரூஃபன் மருத்துவர் எழுதியிருந்தால் மட்டும், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்து, டெங்குவோ என்ற சந்தேகம் இருந்தால் அதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். வீட்டு அலமாரியில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த நிமெசுலைடு கிடக்கலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுப்பது இந்தியாவில் 2011இலேயே தடை செய்யப்பட்டது. ‘பாதியா உடைச்சுக் குடு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கட்டைக் காப்பாற்றுவது

மாவுக்கட்டு போட்டதும் இதமாகச் சுடும், பிறகு சில்லிடும். இரண்டும் இயல்பு. தொட்டால் இறுகியதுபோல இருந்தாலும் முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை விரல் நுனியால் பிடித்துத் தூக்காமல் உள்ளங்கையில் ஏந்துங்கள். விரல் பதிந்த குழி உள்பக்கம் முண்டாகி, தோலைப் புண்ணாக்கும். ஈரக்கட்டைச் சிமென்ட் தரையிலோ கட்டில் விளிம்பிலோ வைக்காமல் தலையணை மேல் வையுங்கள். போர்வையால் மூட வேண்டாம். மின்விசிறிக் காற்று போதும். வெயிலில் காட்டுவதும், சூடான ஹேர் டிரையர் பிடிப்பதும் வேண்டாம்; மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், தோலும் சுடும். ஃபைபர் கட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடும்.

ஃபைபர் கட்டு நனையலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வெளி ஓடு நனைந்தால் ஒன்றும் ஆகாதுதான், உள்ளே சுற்றியிருக்கும் பஞ்சு நனைந்தால் காயாது. ஊறிய தோல் வெந்து, நாற்றமெடுத்துப் புண்ணாகும். எனவே எந்தக் கட்டாக இருந்தாலும் தண்ணீர் ஆகாது. குளிக்கும்போது கட்டின் மேல் துணி சுற்றி, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் பை மாட்டி, வாயை டேப் போட்டு ஒட்டி, கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஈரத் துணியால் துடைப்பதே போதும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. தலைக்கு மட்டும் அலச வேண்டுமென்றால் கட்டிலின் ஓரத்தில் படுக்க வைத்து, தலையை வெளியே நீட்டி, கீழே வாளி வைத்து அலசுங்கள்.

தப்பித் தவறி நனைந்துவிட்டால்? லேசாகத் தெறித்தது என்றால் துடைத்து, விசிறிக் காற்றில் விடுங்கள். உள்ளே ஊறிவிட்டது என்றால், மாவு கூழாகி விட்டது என்றால், மருத்துவமனைக்குப் போய் மாற்றத்தான் வேண்டும். அடுத்த சந்திப்புவரை இழுக்காதீர்கள்.

இரண்டாம் வாரத்தில் அரிப்பு தொடங்கும். இது பெற்றோரையும் பிள்ளையையும் ஒருசேரப் படுத்தும் விஷயம். ஸ்கேல், பென்சில், பின்னல் ஊசி, துடைப்பக் குச்சி என்று எது கிடைத்தாலும் உள்ளே விடுவார்கள். தோல் கீறும், சீழ் பிடிக்கும், கட்டைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. குச்சி பாதியில் ஒடிந்து உள்ளேயே நின்றுவிடுவதும் உண்டு. நல்லெண்ணெய் விடுவது, பவுடர் கொட்டுவது, வேப்பிலையைச் செருகுவது எதுவும் வேண்டாம். பவுடர் வியர்வையில் கட்டிதட்டி, உள்ளே மணல்போல உறுத்தும். கட்டின் மேல் விரலால் தட்டிக் கொடுங்கள். குளிர்ந்த காற்று மட்டும் வரும்படி ஹேர் டிரையரை வைத்து ஓரத்தில் ஊதுங்கள். கைப்பேசியில் ஒரு கார்ட்டூன் கூடுதலாகக் காட்டினால் தப்பில்லை. கட்டு இருக்கும்வரை கைப்பேசிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம். தூங்க முடியாத அளவு அரித்தால் மருத்துவர் மருந்து தருவார்.

நம் வீடுகளுக்கே உரிய தொல்லை எறும்பு. பிஸ்கட் துகளும் மிட்டாய்த் துண்டும் கட்டுக்குள் விழுந்தால் எறும்பு வரிசை பிடிக்கும். சாப்பிடும்போது கட்டின் விளிம்பைத் துணியால் மூடுங்கள். உள்ளே மணி, காசு, பயறு எதையாவது போட்டுவிட்டதாகப் பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாது.

விளிம்பு தோலை அறுத்தால் மேலே மென்மையான பிளாஸ்திரி ஒட்டலாம். நீங்களே கத்தரியால் வெட்டிச் சீர்செய்ய வேண்டாம். கட்டின் மேல் பூ வரையட்டும், நண்பர்கள் கையெழுத்துப் போடட்டும், அதில் ஒன்றும் குறைந்துபோகாது. கட்டுப் போட்ட கையால் தம்பியை அடிப்பதை மட்டும் முதல் நாளே தடை செய்யுங்கள். மாவுக்கட்டு நல்ல ஆயுதம், பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கட்டிலிருந்து துர்நாற்றம், மேலே புதிதாகப் பரவும் கறை, காரணம் தெரியாத காய்ச்சல், ஒரே இடத்தில் சுடுவதுபோன்ற எரிச்சல் இருந்தால் அன்றே காட்டுங்கள். கம்பி வைத்த பிள்ளைக்கு இது இன்னும் அவசரம்.

காலில் கட்டு என்றால்

அனுமதி இல்லாமல் ஊன்றக்கூடாது. ‘வலிக்கலைன்னு சொல்றான், நடக்கட்டுமே’ என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. குதிகாலைத் தலையணை மேல் அழுத்தி வைக்காமல், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் விடுங்கள். குதிகால் புண் ஆற வாரக்கணக்காகும். குந்தி உட்காரும் கழிப்பறை ஆகாது. அதன் மேலே வைக்கும் நாற்காலி வாடகைக்கும் கிடைக்கிறது. நீட்டிய காலோடு பிள்ளையை இரண்டு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து மருத்துவமனைக்குப் போகாதீர்கள். ஆட்டோவில் குறுக்காக உட்கார வைத்துக் காலை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடை எலும்பு முறிந்த சின்னக் குழந்தைக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை கட்டுப் போடுவார்கள், இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கட்டை இருக்கும். அது தூக்குவதற்கான கைப்பிடி அல்ல. அதைப் பிடித்துத் தூக்கினால் கட்டு உடையும். டயப்பரைக் கட்டின் ஓரத்துக்கு உள்ளே செருகி, இரவிலும் மாற்றுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

சாப்பாடு

வீட்டில் இருப்பது போதும். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ் அல்லது அடை, எள்ளுருண்டை, முருங்கைக்கீரைப் பொரியல், முட்டை, பருப்பு என்று போனால் எட்டிவிடும். ஆட்டுக்கால் சூப் ருசிக்காகக் கொடுங்கள். எலும்பிலிருக்கும் கால்சியம் தண்ணீரில் கரைந்து வருவது மிகக் கொஞ்சம். பிரண்டைத் துவையலும் அப்படித்தான், நெய்யில் நன்றாக வதக்கி அரைத்தால் நல்ல துவையல்; கட்டுக்கு மேல் பற்றுப் போட அல்ல. படுத்தே கிடக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் வரும். தண்ணீரும் பழமும் கூடுதலாகக் கொடுங்கள். கால்சியம் மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

‘அவிழ்த்துட்டு அங்கே போய்க் கட்டலாமா?’

பார்க்க வரும் உறவினரில் ஒருவராவது இதைச் சொல்வார். ஆந்திரத்தின் புத்தூர் பெயரில் தமிழ்நாடெங்கும் நாட்டு எலும்புக்கட்டு வைத்தியப் பலகை தொங்குகிறது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. போன பலருக்கு எலும்பு சேர்ந்திருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் எலும்பு யார் கட்டினாலும் சேர முயலும். புகழ் கட்டியவருக்குப் போய்விடுகிறது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய பிறகு விரல் கறுத்துப்போய், கையையே எடுக்க வேண்டி வந்த பிள்ளைகளின் கதை அந்தப் பலகையில் இருக்காது.

என் தீர்ப்பு இது: மருத்துவமனையில் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டு வேறிடத்தில் கட்டுவது எந்தப் பிள்ளைக்கும் கூடாது. முழங்கை முறிவுக்குக் கூடவே கூடாது. அங்கே ரத்தக் குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. கோணலாகச் சேர்ந்தால் கை துப்பாக்கிக் கட்டைபோல உள்பக்கம் வளையும், அந்த வளைவு வளரும்போது தானாக நிமிராது. மருத்துவர் சொன்னதில் நம்பிக்கை இல்லையென்றால், எக்ஸ்ரேயோடு இன்னொரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். செலவு பயமென்றால் அரசு மருத்துவமனை இருக்கிறது.

மறு எக்ஸ்ரே தேதி

ஒரு வாரம் கழித்து வரச் சொல்வது சும்மா சடங்கில்லை. வீக்கம் வடிந்ததும் கட்டு தளரும், நேராக்கிய எலும்பு உள்ளே நழுவும். முதல் வாரத்தில் கண்டுபிடித்தால் மறுபடி நேராக்கலாம். இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பிள்ளையின் எலும்பு பாதி ஒட்டியிருக்கும். பிறகு அசைப்பது கடினம். ‘வலியே இல்லை, எதுக்கு ஒரு நாள் கூலியை விடணும்?’ என்று தோன்றும் நேரமும் அதுதான். வலி இல்லாததை வைத்து எலும்பு நேராக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். படம் கணினியில் மட்டும் இருந்தால் திரையைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம்? வலி அடங்கினால் ஒரு வாரத்திலேயே அனுப்பலாம். பையை வேறொருவர் தூக்க வேண்டும், விளையாட்டு வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள்.

கட்டைப் பிரிக்கும்போதும் பிறகும்

வீட்டில் தண்ணீரில் ஊற வைத்து, கத்தியால் அறுத்துப் பிரிக்காதீர்கள். மருத்துவமனையில் வைத்திருக்கும் ரம்பம் சுழல்வதில்லை, வேகமாக முன்னும் பின்னும் அதிர்கிறது. கெட்டியான கட்டை அறுக்கும். மெத்தென்ற தோல் அதோடு சேர்ந்து அசைவதால் பெரும்பாலும் வெட்டுப்படாது. 1940களில் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்டிரைக்கர் உருவாக்கிய கருவி அது. சத்தம்தான் பிள்ளையைப் பயமுறுத்தும். காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள், சூடாக இருந்தால் சொல்லலாம் என்றும் முன்பே சொல்லி வையுங்கள். ‘அசைஞ்சா கை போயிடும்’ என்று மிரட்டுவது வேண்டாம்.

உள்ளிருந்து வரும் கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மெலிந்து, கறுத்து, செதில் செதிலாக உரியும், முடிகூட அதிகமாகத் தெரியும். சில வாரத்தில் எல்லாம் சரியாகும். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, தேங்காயெண்ணெய் தடவுங்கள். தடவுவதோடு நிறுத்துங்கள்.

நீவி விடுவது, உருவி விடுவது கூடாது. மடங்கிய முழங்கையை நிமிர்த்த மணல் பையைத் தூக்க வைப்பதும், வாளியைக் கொடுப்பதும், யாராவது பிடித்து இழுப்பதும் வேண்டாம். பலவந்தமாக இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும், பிறகு முழங்கை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பிள்ளை தானே சாப்பிடட்டும், தானே சட்டை மாட்டட்டும், பந்தைத் தரையில் உருட்டி விளையாடட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே உடற்பயிற்சி. முழங்கை முழுதாக நீள மாதக்கணக்கில் ஆகலாம், அவசரம் வேண்டாம்.

மரம், சைக்கிள், கபடி, ஊஞ்சல் எல்லாம் கட்டைப் பிரித்த பிறகும் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் வேண்டாம். முன்கை எலும்பு அதே இடத்தில் மறுபடி உடைவது இந்த இடைவெளியில்தான். கட்டு இருக்கும்போது எல்லோரும் காவல் காக்கிறார்கள். பிரித்த அன்று மாலையே தெருவில் விட்டுவிடுகிறார்கள்.

எலும்பின் நுனியில் இருக்கும் வளரும் பகுதியில் அடிபட்டிருந்தால், கை கால் நீளத்திலும் நிமிர்விலும் வரும் வித்தியாசம் பல மாதம் கழித்தே தெரியும். உங்கள் பிள்ளைக்கு அங்கே அடிபட்டதா என்று கட்டைப் பிரிக்கும் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் வரச் சொல்வார். பிள்ளை மரமேறிக்கொண்டிருந்தாலும் அந்தத் தேதிகளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.